காலாரின் இரண்டாம் பிரிவு எங்கே? வாசகர் கேள்வி பதில்

இம்முறை வன்னிப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் கனக்க ஒரே விசயத்தைத்தான் சுற்றி வருகின்றன: போக்கிமோன் கேம்களில் பேச்சில் மட்டும் வந்து திரையில் வராமல் போகும் லீக்குகள். புதிதாக வருகிறவர்களுக்கு: காலார் என்பது சோர்ட், ஷீல்ட் என்ற சோடிக் கேம்கள் நடக்கும் பிரதேசம். ஜிம் என்பது ஒரு வகைப் போக்கிமோனோடு ஒரு தலைவர் காத்திருக்கும் சண்டைக்களம், வென்றால் பட்ஜ் கிடைக்கும். காலாரில் மேல் பிரிவு மேஜர் லீக், கீழ்ப் பிரிவு மைனர் லீக்.

மாங்குளம் வாசகர்: சோர்ட் விளையாடி முடித்துவிட்டேன். எட்டு ஜிம்தான் வந்தது. காலாரில் மொத்தம் பதினெட்டு ஜிம் இருக்கு, மிச்சப் பத்தும் மைனர் லீக்கில் ஒளிஞ்சிருக்கு என்று யூரியூப்பில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

மைனர் லீக் இருப்பதை நம்பலாம். பத்து என்ற கணக்கு ஊகம். ஆனால் காரணத்தோடு வந்த ஊகம்.

முதலில் கேம் தானே சொல்வதை எடுப்போம். ஃபயர் ஜிம் தலைவர் கபுவின் லீக் கார்டை, அதாவது அவரைப் பற்றிய குறிப்பு அட்டையை, புரட்டிப் பாருங்கள். ஹோயென் என்ற இன்னொரு பிரதேசத்தில் இருந்து காலாருக்கு வந்தவர், இடையில் சறுக்கி மைனர் லீக்குக்கு இறங்கினார், பிறகு திரும்ப மேலே ஏறினார் என்ற கதை அதில் இருக்கிறது. ஆகவே இரண்டு பிரிவு உண்டு, ஏற்றமும் இறக்கமும் உண்டு. இதில் தகராறுக்கு இடமில்லை.

அடுத்தது சோர்ட்டையும் ஷீல்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஸ்டோ ஒன் சைட் ஊரில் சோர்ட்டில் பியா, ஃபைட்டிங் வகை. ஷீல்டில் அதே மைதானத்தில் அலிஸ்டர், கோஸ்ட் வகை. சர்செஸ்டரில் சோர்ட்டில் கோர்டி, ரொக். ஷீல்டில் அவருடைய தாய் மெலனி, ஐஸ். மற்ற ஆறு ஜிம்மும் இரண்டிலும் ஒன்றுதான்: கிராஸ், வோட்டர், ஃபயர், ஃபேரி, டார்க், டிராகன். இரண்டையும் கூட்டினால் 10 வகை கண்ணுக்குத் தெரிகிறது. மொத்த வகை 18. வராதவை நோர்மல், எலெக்ட்ரிக், சைக்கிக், பக், கிரவுண்ட், ஃபிளையிங், பொய்சன், ஸ்டீல் ஆகிய 8. உங்கள் சோர்ட்டில் கோஸ்ட்டும் ஐஸும் மேலே இல்லாதபடியால் அவற்றையும் கீழே சேர்த்தால் 10. யூரியூப்காரரின் எண் இப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

2020 யூன் மாதம் வந்த ஐல் ஒஃப் ஆர்மர் மேலதிகப் பகுதி இதற்குக் கொஞ்சம் முண்டு கொடுக்கிறது. அதில் வரும் கிளாரா பொய்சன் ஜிம்முக்கு ஆசைப்படுகிறார், ஏவரி சைக்கிக்காரர். விடுபட்ட எட்டில் இரண்டுக்கு முகம் கிடைத்துவிட்டது. மற்ற ஆறுக்கும் முகமில்லை.

இந்த ஊகத்தில் ஓட்டை எது என்றால், "ஒரு வகைக்கு ஒரு ஜிம்தான்" என்பதைக் கேள்வியில்லாமல் எடுத்துக்கொள்வது. மைனர் லீக்கில் ஒரே வகையில் இரண்டு பேர் இருக்கக்கூடாது என்று சொல்லும் வசனம் எதையும் அந்த வீடியோக்காரர் காட்டவில்லை. எத்தனை பேர் இறங்குவார்கள், எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதும் அப்படித்தான். புள்ளிப் பட்டியல் திரையில் வருவதேயில்லை. "வருடம் இரண்டு பேர் இறங்குவார்கள்" என்று யாராவது சொன்னால், அது சொன்னவரின் சொந்தச் சரக்கு.

வலயமட்டப் போட்டியில் வென்றவர்தான் மாகாணத்துக்கு ஓடுவார். மாகாணப் போட்டிக்கு மட்டும் வந்து குந்தியிருப்பவருக்குத் துணுக்காய் வலயத்தில் நான்காவதாக வந்தவர் யார் என்று தெரியாது. அதற்காக அப்படியொருவர் ஓடவில்லை என்றாகாது, அவருடைய பெயரை நாங்களாக வைக்கவும் முடியாது. சோர்ட் விளையாடுகிறவரும் அந்தப் பார்வையாளர்தான்.

முல்லைத்தீவு வாசகி: சோர்ட்டும் ஷீல்டும் இரண்டு வேறு உலகம், அதனால்தான் ஜிம் தலைவர்கள் மாறுகிறார்கள் என்று தம்பி சொல்கிறான். நான் இரண்டு வேறு வருடம் என்கிறேன். யார் சரி?

இரண்டுமே தேவையில்லை என்பது எங்கள் கட்சி. 2020 ஒக்டோபரில் வந்த கிரவுன் டண்ட்ரா மேலதிகப் பகுதியில் காலாரியன் ஸ்டார் டோர்னமென்ட் என்ற போட்டி இருக்கிறதல்லவா, அங்கே பியாவும் அலிஸ்டரும், கோர்டியும் மெலனியும் ஒரே பதிப்பில் வருகிறார்கள். ஒரே காலாரில் நால்வரும் வாழ்கிறார்கள். இந்த முறை மேலே இருப்பவர் யார் என்பதில்தான் வித்தியாசம். உலகத்தை இரண்டாக வெட்டாமலே விளங்குகிற விசயம்.

தங்கச்சி, உங்களுடைய "வேறு வருடம்" தம்பியுடையதைவிடக் கொஞ்சம் பலமானது, ஏனென்றால் ஏற்ற இறக்கத்துக்கு அது பொருந்தும். ஆனால் இரண்டு பதிப்பிலும் உங்களோடு போட்டி போடும் ஹொப்புக்கும் மார்னிக்கும் அதே கதைதான், சம்பியன் லியோனும் அதே லியோன்தான். வருடம் மாறியிருந்தால் அவர்களும் மாறியிருக்க வேண்டாமா?

ஒட்டுசுட்டான் வாசகர்: போக்கிமோனைப் பூதாகரமாக்கும் டைனமாக்ஸுக்குப் பவர் ஸ்பொட் என்ற இடம் வேண்டும்; அது இல்லாத ஊர் ஜிம்கள் எல்லாம் மைனர் லீக்கில்தான் என்று ஒரு கருத்து. சரிதானே?

பிழை. ஸ்பைக்மத் ஊரில் பவர் ஸ்பொட் கிடையாது, அங்குள்ள டார்க் ஜிம் தலைவர் பியர்ஸ் டைனமாக்ஸ் பாவிப்பதும் இல்லை, ஆனால் அவர் மேஜர் லீக்கில் இருக்கிறார். ஒரு எதிர்ச்சான்றிலேயே முழுக்கருத்தும் விழுந்துவிடுகிறது. இப்படி ஒன்றைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது, திரையில் தெரிகிற எட்டுப் பேருக்கும் அதைப் பொருத்திப் பார்ப்பது. தெரிகிற இடத்திலேயே பொருந்தாதது தெரியாத இடத்தில் எப்படிப் பொருந்தும்?

புதுக்குடியிருப்பு வாசகர்: பழைய கார்ட்டூனில் நாயகன் ஆஷின் போட்டியாளன் கேரி 10 பட்ஜ் வைத்திருக்கிறான். கேமில் அதே பிரதேசமான கான்டோவுக்கு 8 ஜிம்தான். மிச்சம் இரண்டு எங்கே?

கார்ட்டூனையும் கேமையும் ஒரே கொப்பியில் எழுதாதீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு.

கார்ட்டூன் கணக்கில் விரிடியன் ஜிம் பகுதியில் கேரி 10 பட்ஜைக் காட்டுகிறான். ஆஷுக்கு லீக்கில் நுழைய 8 போதும். ஆகவே அந்தக் கான்டோவில் குறைந்தது 10 ஜிம் இருக்க வேண்டும், எந்த 8 ஐயும் பொறுக்கலாம். போதாததற்கு கேமில் தலைகாட்டாத ஒரேஞ்ச் தீவுகளில் 4 ஜிம் தலைவர்களோடு தனி லீக் ஒன்றும் நடக்கிறது, ட்ரேக் என்பவர் கடைசியில் நிற்கிறார். கார்ட்டூன் தாராளமான கைக்காரன்.

கேம் கணக்கு இறுக்கமானது. 1996 இல் வந்த முதல் கேம்களில் கான்டோவுக்கு 8 பட்ஜ்தான். ஆனால் அங்கேயே ஒரு பட்ஜ் இல்லாத ஜிம் கிடக்கிறது, கனபேர் அதைக் கவனியாமல் அங்கே பரிசாகக் கிடைக்கும் ஹிட்மொன்லீயையோ ஹிட்மொன்சானையோ வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். சஃப்ரன் ஊரில் சப்ரினாவின் ஜிம்முக்குப் பக்கத்துக் கட்டடம், ஃபைட்டிங் டோஜோ. சப்ரினாவின் ஜிம்முக்குள் நிற்கும் ஒருவரோடு கதைத்தால், முன்பு இந்த ஊரில் இரண்டு ஜிம் இருந்தன, பக்கத்து டோஜோ எங்களிடம் தோற்று ஜிம் தகுதியை இழந்துவிட்டது என்பார்.

இதன் பெறுமதியைப் பாருங்கள். காலார் வந்தது 2019 நவம்பரில். அதற்கு 23 வருடத்துக்கு முன்பே ஓர் ஊர், இரண்டு ஜிம், தோற்றது கீழே என்ற விதி கேமில் எழுதப்பட்டுவிட்டது. ஸ்டோ ஒன் சைட்டிலும் சர்செஸ்டரிலும் நடப்பதற்கு மூத்த அண்ணன் இந்த டோஜோ. திரையில் வராத ஜிம்களைத் தேடுகிறவர்கள் வரைபடத்தின் வெறும் மூலைகளைத் துருவுகிறார்கள். எங்களைக் கேட்டால், ஏற்கெனவே ஜிம் உள்ள ஊர்களிலேயே தேட வேண்டும்.

மல்லாவி வாசகர்: ஜிம் தலைவர்கள் உண்மையில் பலமானவர்கள், எங்களுக்காகத்தான் வலுக்குறைந்த போக்கிமோனை இறக்குகிறார்கள் என்பது உண்மையா? கான்டோவின் முதல் ஜிம் தலைவர் புரொக்கின் ஒனிக்ஸ் ஏன் அவ்வளவு சொத்தை?

முதல் கேமில் புரொக்கிடம் லெவல் 12 ஜியோடூடும் லெவல் 14 ஒனிக்ஸும். கதைக்கணக்கில் 3 வருடம் கழித்து நடக்கும் கோல்ட், சில்வர் கேம்களில் அதே புரொக்கின் ஒனிக்ஸ் லெவல் 44. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் "3 வருடம் பயிற்சி எடுத்தார்" என்றும் சொல்லலாம்.

உங்கள் கருத்துக்கு உறுதியான ஆதாரம் 2013 இல் வந்த போக்கிமோன் ஒரிஜின்ஸ் என்ற சிறிய அனிமே. அங்கே புரொக், வந்தவனிடம் எத்தனை பட்ஜ் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அதற்கு ஏற்ற போக்கிமோனை எடுக்கிறார். கேமில் அந்தக் கேள்வி வராததற்குக் காரணம் எளிது: விளையாடுகிறவர் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வருகிறார், அதனால் ஒவ்வொரு தலைவருக்கும் ஒரே அணியைப் பதிந்து வைத்தாலே போதும்.

கிளிநொச்சி வாசகர்: நாங்கள் பத்துப் பேர். ஒருவரிடமும் ஸ்விட்ச் கேம் கருவி இல்லை, போன்தான். பாடசாலை விடுமுறைக்குக் காலார் மாதிரி மேஜர், மைனர் பிரித்து லீக் நடத்த வழி சொல்லுங்கள்.

தாராளமாக நடத்தலாம். போக்கிமோன் ஷோடவுன் என்ற இலவசத் தளம் போன் பிரவுசரிலேயே ஓடும். போக்கிமோனைப் பிடித்து வளர்க்கத் தேவையில்லை; அணியை எழுதினால் நேரே சண்டைதான். ஒப்ஷனில் அசைவுப் படங்களையும் பாட்டையும் நிறுத்திவிடுங்கள், டேற்றாவும் மிஞ்சும், சிக்னல் குறைந்த இடத்தில் இழுபடவும் மாட்டாது.

தொடங்க முதல் இரண்டு வேலை. ஒவ்வொருவரும் பெயரைக் கடவுச்சொல்லோடு பதிய வேண்டும். பதியாத பெயரை யாரும் எடுத்துக்கொண்டு உங்களைப்போல விளையாடலாம். அடுத்தது, அணியை எக்ஸ்போர்ட் செய்து வரும் எழுத்தைப் போனில் வேறோர் இடத்தில் ஒட்டி வைப்பது. அணிகள் பிரவுசரில்தான் கிடக்கும். போன் நிறைந்துவிட்டதென்று பிரவுசர் டேற்றாவை அழித்தால் அணியும் போய்விடும். அரைவாசிச் சண்டைகள் முடிந்த பிறகு இப்படி நடந்தால் லீக்கே குழம்பும்.

5 பேர் மேஜர், 5 பேர் மைனர். முதல் தடவை சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். ஒரு பிரிவில் எல்லாரும் எல்லாரோடும் ஒரு தடவை மோதினால் 10 ஆட்டம். 5 ஒற்றை எண் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் சும்மா இருக்க வேண்டும். ஆறாவதாக "ஓய்வு" என்று ஒரு பெயரைச் சேர்த்து, மேலே மூன்று, கீழே மூன்று என எழுதுங்கள். இடது மேல் மூலைப் பெயரை அசைக்காமல் மற்ற ஐந்தையும் ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டமாக ஓரிடம் நகர்த்துங்கள். நேர் மேல்கீழாக வருகிறவர்கள் மோதுவார்கள். 5 சுற்றில் எல்லாம் முடியும். ஒரு நாளைக்கு ஒரு சுற்று வைத்தால் ஒரு வாரத்துக்குள் ஒரு பருவம்.

பருவம் முடிந்ததும் மேஜரில் கடைசி ஆள் இறங்குவார், மைனரில் முதலாவது ஏறுவார். மேஜரின் நான்காவதும் மைனரின் இரண்டாவதும் மூன்றில் இரண்டு வெல்லும் ஆட்டம் போடட்டும்.

5 பேர் கொண்ட பட்டியலில் வெற்றி எண்ணிக்கை சமனாவது அடிக்கடி நடக்கும். இரண்டு பேர் சமன் என்றால் அவர்கள் மோதியதில் வென்றவர் மேலே. மூன்று பேர் வட்டமாக ஒருவரையொருவர் வென்றிருந்தால் அது உதவாது. அதற்காக ஒவ்வொரு ஆட்டமும் முடியும்போது வென்றவரிடம் எத்தனை போக்கிமோன் மிச்சம் என்று எழுதி வையுங்கள். வென்றதில் கூட்டி, தோற்றதில் கழித்து வரும் எண்ணைப் பாருங்கள். லைன் அறுந்தோ கரண்ட் போயோ ஆட்டம் நின்றால் 10 நிமிடம் பொறுத்து, பிறகும் வராவிட்டால் வெற்றி கொடுக்கலாம், ஆனால் வித்தியாசம் 1 என்று மட்டும் பதியுங்கள். 6 என்று பதிந்தால் மின்வெட்டுத்தான் சம்பியனைத் தீர்மானிக்கும். ஆட்டம் முடிந்ததும் ரீப்ளேயைச் சேமித்துக் குழுவில் போடச் சொல்லுங்கள். "நான்தான் வென்றனான்" சண்டை வராது.

இனி வகை. காலார் மாதிரி ஆளுக்கொரு வகை என்றால் 18 இல் 10 போகும். ஷோடவுனில் "நேஷனல் டெக்ஸ் மொனோடைப்" என்ற முறையைத் தெரிவு செய்யுங்கள். ஆறு போக்கிமோனுக்கும் பொதுவான ஒரு வகை இருக்கிறதா என்று அதுவே சரிபார்க்கும், பழைய தலைமுறைப் போக்கிமோனும் வரும். "கஸ்டம் கேம்" பக்கம் போகாதீர்கள். அது விதிமீறலைப் பெரிதாகக் கவனியாது, யாரோ ஒருவர் அந்தப் போக்கிமோனுக்கு இல்லாத அபிலிட்டியோடு, அதாவது சிறப்புத் திறனோடு, வந்து நிற்பார்.

இங்கேதான் ஆளுக்கொரு வகை என்ற எல்லா மொனோடைப் லீக்கும் சறுக்குகிறது. வகைகள் சமனானவை அல்ல. ஸ்டீல் 10 வகைத் தாக்குதலைப் பாதியாக வாங்கும், பொய்சன் அதில் ஏறவே ஏறாது, பலவீனம் 3 தான்: ஃபயர், ஃபைட்டிங், கிரவுண்ட். ஐஸ் தாங்குவது ஐஸை மட்டும். அடிபடுவது ஃபயர், ஃபைட்டிங், ரொக், ஸ்டீல் என்று நான்கிடம். ஸ்டீல்காரரும் ஐஸ்காரரும் ஒரே பிரிவில் இருந்தால் முடிவை ஆட்டத்துக்கு முதலே எழுதி வைக்கலாம். ஆகவே ஸ்டீலை முதல் பருவத்தில் யாருக்கும் கொடுக்காதீர்கள். மற்ற வகைகளை மைனர் பிரிவினர் முதலில் தெரியட்டும். பருவத்துக்கு ஒரு தடவை அணியில் 2 போக்கிமோனை மாற்ற எல்லோருக்கும் அனுமதி கொடுங்கள். ஏறினாலும் இறங்கினாலும் வகை ஆளோடு போக வேண்டும், இடத்தோடு அல்ல. இல்லாவிட்டால் மேலே வருகிறவர் பழகாத அணியோடு வந்து உடனே இறங்குவார்.

வவுனியா வாசகி: ஷோடவுனில் போக்கிமோன்களை ஓயூ, யூயூ, என்யூ என்று படி பிரித்துப் போடுகிறார்களே. மேஜர், மைனர் லீக் என்பது இதுதானா?

பெயரளவில் கிட்ட, உள்ளே வேறு. இங்கே ஏறி இறங்குவது ஆட்கள் அல்ல, போக்கிமோன்கள். அதுவும் தோல்வியால் அல்ல, யாரும் எடுக்காததால் இறங்குகின்றன. ஸ்மொகன் என்ற ரசிகர் சமூகம் வகுத்த முறை இது; கேம் கம்பனியின் சட்டம் அல்ல. மேலிருந்து கீழாக ஓயூ, யூயூ, ஆர்யூ, என்யூ, பீயூ.

எத்தனை அணிகளில் ஒரு போக்கிமோன் வருகிறது என்பதற்கான எல்லைக்கோடு 4.52 சதவீதம். விசித்திரமான எண்ணாகத் தெரியும். ஆனால் ஒரு போக்கிமோன் 4.52 சதவீத அணிகளில் இருந்தால், 15 ஆட்டத்தில் அதை ஒரு தடவைகூடச் சந்திக்காமல் போகும் வாய்ப்பு 0.9548 ஐ 15 தடவை பெருக்கினால் வரும்; அது கிட்டத்தட்ட அரைவாசி. அதாவது 15 ஆட்டம் ஆடுகிறவர் அதைக் காண்பதும் காணாததும் பாதிக்குப் பாதி. அதற்கு மேலே போனால் ஓயூ, கீழே வந்தால் அடுத்த படி.

ஒரு போக்கிமோன் யூயூவில் இருப்பதால் அது சொத்தை என்று எண்ணவேண்டாம். அதே வேலையை இன்னொன்று கொஞ்சம் நன்றாகச் செய்வதால் ஓரங்கட்டப்பட்டதாகவும் இருக்கலாம்.

நெடுங்கேணி வாசகர்: சம்பியன் என்றால் ஒரு பிரதேசத்துக்கு ஒருவர்தானே? ஸ்கார்லெட் கேமில் நெமோனாவும் சம்பியன், கீட்டாவும் சம்பியன். குழம்புது.

ஸ்கார்லெட் நடக்கும் பால்டியா பிரதேசத்தில் சம்பியன் என்பது கதிரையல்ல, தரம். சோதனையில் தேறியவர் எல்லோரும் சம்பியன் தரம். கீட்டா அவர்களுக்குத் தலைமை. சாதாரணதரத்தில் ஒன்பது ஏ எடுத்தவர் பாடசாலைக்கு ஒருவர்தான் என்று யாரும் சொல்வதில்லையே, அப்படி. இதனால் பால்டியாவில் திரையில் வராத சம்பியன்கள் பலர் இருக்கலாம் என்ற ஊகத்துக்கு நல்ல இடமிருக்கிறது. காலாரில் அதற்கு இடமே இல்லை; லியோனைத் தோற்கடித்தால்தான் கதிரை.

2025 ஒக்டோபரில் வந்த லெஜன்ட்ஸ் ஸீ-ஏ கேம் இன்னொரு விதம். லுமியோஸ் நகரத்தில் ஸீயிலிருந்து ஏ வரை 26 எழுத்துப் படிகள், ஆனால் கதை நடுவிலே உங்களைப் பல எழுத்துகளுக்கு மேலால் ஒரேயடியாகத் தூக்கிவிடுகிறது. விடுபட்ட எழுத்துகளில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் இனி வரப்போகும் ஊகங்களுக்கு மூலதனம். இப்போதே ஆளாளுக்குப் பெயர் வைக்க வேண்டாம்.

பரந்தன் வாசகர்: காலாரின் கிராஸ் ஜிம் தலைவர் மைலோவின் சட்டையில் 831 என்று இருக்கே, அது மைனர் லீக்கில் அவருடைய பழைய இலக்கமா?

இல்லை. ஜப்பானிய மொழியில் 8, 3, 1 ஐ யா, சா, இ என்று வாசிக்கலாம். யாசாய் என்றால் மரக்கறி. மைலோ கமக்காரர். போக்கிமோன் பட்டியலில் 831 ஆவது வூலூ என்ற செம்மறி, அதுவும் அவருடைய ஊர்ப் பக்கத்துச் சீவன்தான்.